ஒரு சுற்றுக்கு நூறு

முன்பள்ளி பன்னிரண்டு மணிக்கு விடும்.
சம்பளம் ஒன்பதாந் திகதியோடு விடும்.
லீசிங்காரன் மட்டும் விடுவதாயில்லை.

கார்ட்போட் மட்டையில் மாக்கரால் எழுதினேன்:
கிளிநொச்சிக்குப் போய்வருவேன்.
சாமான், கரண்ட் பில், டிஎஸ் ஒஃபிஸ்,
ஒரு சுற்றுக்கு நூறு ரூபாய்.
கிளினிக் மருந்துக்கு ஐம்பது.
அரிசி மூட்டை ஏற்றமாட்டேன்.

தர்மபுரம் சந்தியில்
பஞ்சர் கடைத் தகரத்தில் கம்பியால் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது
முகத்தில் வழிந்தது வியர்வைதானா என்று தெரியவில்லை.

இவ்வளவு காலமும்
"போறனீயெண்டால் வரேக்க ஒரு பக்கெற் உள்ளி வாங்கியாவன்"
என்ற வாய்களெல்லாம்
ஒரு கிழமை என்னைக் கண்டதும் வானம் பார்த்தன.
பின் ஒழுங்கைச் சறோசினியக்கா மட்டும்
வேலிக்குள்ளால் கேட்டா:
"வாங்கித் தாறதுக்கும் காசோ?
நாளைக்குச் சிரிக்கிறதுக்கும் பில் போடுவியோ?"
பெற்றோல் விலை சொல்ல வாயெடுத்து
சிரித்துவிட்டு வந்தேன்.
இலவசம்.

முதல் கூலி கல்மடுவில்,
இரட்டைப் பிள்ளைகளுக்குப் பால்மா.
பிறகு ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பாஸ்போட் படம்,
தண்ணிப் பம்புக்கு ஒரு பெல்ற்.
பிறகு ஒருத்தி என் ஹெல்மெற்றுக்குள் குனிந்து,
அடகுக்கு வட்டி மட்டும் கட்டிவரச் சொன்னாள்,
மனுசனுக்குத் தெரியக் கூடாதாம்.

கொப்பியில் மூன்று நிரல் கீறினேன்.
தந்த காசு.
கொடுத்த மிச்சம்.
மூன்றாவதற்குத் தலைப்பு வைக்கவில்லை.

கார்த்திகை மழையில் இரண்டு கிலோ சீனி கரைந்தது.
அது என் கணக்கு.

மார்கழியில் ஒருநாள் இருட்டிய பிறகு
நாய் குரைத்தது. படலையடியில்
கிளச்சஸோடு சறோசினியக்கா.
"செருப்பு. இடது காலுக்கு. ஆறாம் இலக்கம்.
சோடியாத்தான் தருவாங்கள், தெரியும்.
வலதையெல்லாம் என்ன செய்யிறதெண்டு தெரியாமல்
உரப்பையில கட்டி வைச்சிருக்கிறன். பதினாலு."
கேட்கமுதல் நூறு ரூபாயை நீட்டினா.
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரவு கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
புளியம்பொக்கணை, மாட்டுக்காரர் அமலசீலன்:
வலது கால், ஏழு.
இடதுகளை வெட்டிக்
கோழிக்கூட்டுக் கதவுக்கு வாராக அடித்திருக்கிறார்,
நானே கண்டேன்.

ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இலக்கம் இல்லையாம்.
"ஏழை எடுங்கோ" என்றான் கடைப் பெடியன்.
அளவைத்தான் சொன்னான்.
கறுப்பு றப்பர்,
ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேயான ரகம்.
வாசலிலேயே சோடியைப் பிரித்து இரண்டு பைகளில் போட்டேன்.
இரண்டு இடத்திலும் கூலி எடுத்தேன்.

"என்ன, பாதி விலை?
மற்றது எங்க?"
"வேறை ஒராள் போடுறார்."
அக்கா செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.
"எந்தப் பக்கம்?"
"சொல்லேலாது."
"ஆம்பிளையோ?"
"சொல்லேலாது அக்கா."
"பெரிசாக் கிடக்கு" என்றபடி
காலை நுழைத்து, முற்றத்தில்
கிணற்றடிவரை போய் வந்தா.

பிறகு அந்த உரப்பையை இழுத்து வந்து போட்டா.
"அந்தாளிட்டைக் குடு.
சும்மா கொண்டுபோகாதை, இந்தா நூறு."
எல்லாம் ஆறாம் இலக்கம்.
அவருக்குக் குதிக்கால் வெளியே நிற்கும்.
சொல்லவில்லை.

அரிசி மூட்டை பற்றித்தான் மட்டையில் எழுதியிருந்தேன்.
இப்போது ஸ்கூட்டியில்
பதினாலு வலது கால்களுக்கு இரண்டு பக்கமும்
என் காலை அகட்டி வைத்துக்கொண்டு போகிறேன்.
பெற்றோல் முள்ளு சிவப்பில் நிற்கிறது.